பாறை மேல் ஒரு பிறந்தநாள்

பெங்களூர் பொம்மனஹள்ளியில் நான் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த தொழிற்சாலையில் பிறந்தநாளுக்கு ஒரு நாள் விடுப்பு உண்டு. பதினொரு வருடங்களில் அதை ஒருமுறைகூட நான் எடுத்ததில்லை. நான் இல்லாத நாளில் யாராவது போல்ட்டுகளைத் தப்பாக எண்ணிவிடுவார்கள் என்ற கவலை. ஐம்பத்தேழாவது பிறந்தநாளுக்கு மட்டும் எடுத்தேன். அண்ணன் கேட்டார்.

அண்ணன் தங்கவயல் சுரங்கத்தில் முப்பத்தோரு வருடம் வேலை செய்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு என் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கல்தூசி நுரையீரலில் இறங்கியிருக்கிறது, மேடு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருக்கு லால்பாக் பூங்காவில் இருக்கும் பெரிய பாறை மேல் ஏறி உட்கார வேண்டும்.

“உனக்குத்தானே பொறந்தநாளு. எனக்கு இன்னா வாங்கித் தருவே?” என்று முதல்நாளே கேட்டுவிட்டார்.

காலையில் பஸ் ஸ்டாப் அருகே டிபன் சாப்பிட்டோம். நான் இரண்டு இட்லி. அவர் நான்கு இட்லி, ஒரு வடை. ஒரு இடத்தில் பஸ் மாறினோம். லால்பாக் வாசலில் உப்பு மிளகாய்த்தூள் போட்ட கொய்யா இரண்டு வாங்கினேன். மழை இல்லாத நாள்தான், இருந்தாலும் குடை வைத்திருந்தேன்.

பாறையில் படி கிடையாது. சரிவாக ஏற வேண்டியதுதான். அவர் முன்னால், நான் பின்னால். நாற்பது அடி வைத்ததும் அவருக்கு இரைக்க ஆரம்பித்தது.

“இன்னாடா முணுமுணுக்கிற, ஜெபமா?”

“அடி எண்ணுறேண்ணா.”

“போல்ட்டுகூட உங்கிட்ட இப்படி மாட்டினதில்லடா.”

எழுபதாவது அடியில் அந்த இரைப்பு விசில்போல் கேட்டது. “போதும்ணா” என்றால் கேட்கமாட்டார் என்று தெரியும். குடைக்காம்பால் பாறையில் ஒருமுறை ஓங்கித் தட்டினேன்.

சுரங்கத்தின் அடியில் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டுக்கு மணியடிப்பதுதான் அவர் வேலை. ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் உள்ளே ஆள் இருக்கிறது, பார்த்துத் தூக்கு. வீட்டில் சாப்பிடும்போதும் விரலால் ஒருமுறை தட்டினால் சோறு போதும் என்று அர்த்தம். நான் படித்து ஆபீஸ் வேலைக்கு வந்தவன், கூண்டில் கால் வைத்ததில்லை. அந்த மணிகளின் கணக்கு மட்டும் தெரியும்.

அவர் நின்றுவிட்டார். தூக்கிய கால்கூட முன்னால் போகவில்லை, பின்னாலேயே இறங்கியது.

“யாரு அடிச்சது?” திரும்பாமலே கேட்டார்.

“நான்தான்.”

“நிறுத்தினவன்தான் அடுத்த மணி அடிக்கணும். நடுவுல நான் அசைய மாட்டேன். இறக்கறதா இருந்தா ரெண்டு மணி அடி. இறங்கிடறேன், ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

அப்படியொரு பொறுப்பை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு முறை தட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் பஸ் ஏறியிருப்போம். அவருடைய மூச்சைக் கடிகாரத்தை வைத்து எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. அவர் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு கையை இடுப்பில் வைத்து, கூலிக்கு நிற்பவர்போல் நின்றார். ஒரு குடும்பம் எங்களைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. முப்பது. பிறகு இருபத்தாறு. அதற்குக் கீழே இறங்கவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தேன், அதேதான்.

மூன்று முறை தட்டினேன்.

“பாத்து தூக்குடா” என்று சொல்லிவிட்டு நடந்தார். என் கை அவர் முதுகில் இருந்தது.

மேலே போனதும் அவர் கொய்யாவைக்கூடக் கேட்கவில்லை. உச்சியில் இருந்த சின்ன மண்டபத்தை விட்டுத் தள்ளி, சூடேறிய பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். முகத்தில் வெயில் படாமல் குடையை விரித்துப் பிடித்தேன்.

“மடக்கு அத” என்றார்.

மடக்கினேன். நான்கு மணிவரை அங்கேயே கிடந்தார். இறங்கலாமா என்று நான் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் தூங்குவதுபோல் இருந்துவிட்டார்.