மீட்டர் முள் ஏறிய நாட்கள்

அம்பத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இப்போது ஓர் அறை இருக்கிறது. எண்பதுகளின் நடுவில், அது கட்டப்படுவதற்கு முந்தைய டிசம்பரில், அந்த இடத்திலிருந்து என் சித்தப்பா வானத்து ரேடியோ அலையை அளந்தார். அவர்தான் அளக்கிறார் என்று தெரு நினைத்தது. உண்மையில் அளந்தவள் நான்.

சித்தப்பா ஐ.டி.ஐ. முடித்து, எஸ்டேட் என்று நாங்கள் சொல்லும் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் மீட்டர் பழுது பார்த்தார். ஏதோ ஒரு பத்திரிகையில் படித்துவிட்டு, மாடியின் இரண்டு ஓரங்களிலும் சவுக்குக் கழி நட்டு, செம்புக் கம்பி இழுத்து, தானே செய்த ஒரு ரிசீவரில் இணைத்தார். அதில் ஸ்பீக்கருக்குப் பதில் ஒரு மீட்டர். ஒரு நட்சத்திரம் எப்போதோ வெடித்துச் சிதறியதாம். இன்னும் ரேடியோ அலையாக இரைந்துகொண்டிருக்கிறதாம். மாலையில் அது வடக்கே உயர ஏறும்போது முள்ளும் ஏறுமாம். அம்மாவுக்கு ஒரே வருத்தம், அத்தனை நீளக் கம்பியில் ஒரு துணிகூடக் காயப்போட விடவில்லை என்பது.

நகரத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், பத்து நாள் அளவு எடுத்து வா, சரியாக இருந்தால் என் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தார். புது வருஷம் பிறந்ததும் மாடியில் அறை கட்டவென்று அப்பா முன்கூட்டியே செங்கல் இறக்கியிருந்தார். சித்தப்பாவுக்குக் கிடைத்தது அந்தப் பத்து நாள்தான். அவர் ஷிப்டு முடிந்து வர ஆறரை ஆகும். எனக்கு அரைப்பரீட்சை காலையோடு முடிந்துவிடும். அதனால் நாலரையிலிருந்து ஆறரை வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை முள் காட்டும் எண்ணை எழுதும் வேலை என்னிடம் வந்தது. பத்து வயது எனக்கு. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண், ஓரிடத்தில் உட்காருவாள் என்று நம்பினார்கள்.

எப்போது முள் ஏறும் என்று கேட்டேன்.

“சொல்ல மாட்டேன் பாப்பா. சொல்லிட்டேன்னு வை, உன் கை தானா அதையே எழுதிடும். முள்ளு இன்னா காட்டுதோ அத்த மட்டும் எழுது.”

ஆறு நாள் அப்படியே எழுதினேன். ஏழாம் நாள் பக்கத்துத் தெருவில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட ஆரம்பித்தார்கள். வைக்கோல் பரப்பவும், புல்தரைக்காக முளைவிட்ட கேழ்வரகுத் தட்டுகளை அடுக்கவும் என்னையும் கூப்பிட்டார்கள். அதுவரை யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. மீதி நாலு நாளும் போனேன். நோட்டு காலியாக இருக்கக் கூடாதே என்று ஆறாம் நாள் எண்களை வரிசை மாறாமல் நாலு நாளுக்கும் எழுதி வைத்தேன். நட்சத்திரம் நேற்று வந்த நேரத்துக்குத்தானே இன்றும் வரும்! எங்கள் ஊர் பஸ்ஸே அப்படி வருவதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் மதியம் சித்தப்பா கிராப் தாளில் புள்ளி வைத்தார். நட்சத்திரம் என்றால் தினமும் நாலு நிமிடம் முன்னதாக வரும், பட்டறை வெல்டிங் இரைச்சல் என்றால்தான் அதே நேரத்துக்கு வரும் என்று அப்போதுதான் அப்பாவிடம் விளக்கினார். தாளில் ஆறு மேடுகள் நாலு நாலு நிமிடமாக நகர்ந்திருந்தன. அதற்குப் பிறகு நகரவில்லை.

“இன்னாடா, ஆறு நாள் நடந்துது, அப்பால நின்னுட்டுது. உன் நட்சத்திரத்துக்கும் கிறிஸ்மஸ் லீவா?” என்றார் அப்பா.

சித்தப்பா நோட்டின் கடைசிப் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். என்னைப் பார்த்தார். நான் புதுக் கவுனின் நாடாவைத் திருகிக்கொண்டிருந்தேன். அப்பாவின் கை எவ்வளவு வேகமாக பெல்ட்டுக்குப் போகும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

“மீட்டர் கோளாறுண்ணா. முள்ளு மாட்டிக்கினு இருந்திருக்குது.”

“மீட்டர் ரிப்பேர் பண்றவன் மீட்டரே அவுட்டா” என்று அப்பா சிரித்தார். சித்தப்பாவும் சிரித்தார். அடுத்த வாரம் கம்பி இறங்கியது, செங்கல் ஏறியது. பேராசிரியரிடம் அவர் போகவேயில்லை. அதே பட்டறையில் ஓய்வு பெற்றார்.

அன்று எனக்குப் பெரிய நிம்மதி. முள்தான் மாட்டிக்கொண்டிருந்தது, நான் உட்கார்ந்திருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. கேக் இரண்டு துண்டு கூடுதலாகத் தின்றேன்.

பத்தாவது முடித்து நானும் எஸ்டேட்டுக்கே வேலைக்கு வந்தேன். இப்போது உலையின் சூட்டை மீட்டரில் பார்த்து எழுதும் பெண்கள் நாலு பேர் என் பொறுப்பில். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் கொடுத்த தாளில், முந்தைய நாளின் ஏற்ற இறக்கம் ஓர் எண் பிசகாமல் அப்படியே இருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மாட்டிக்கொண்ட முள் ஒரே எண்ணில் நிற்கும். நேற்று ஏறி இறங்கியதையே இன்றும் ஏறி இறங்கிக் காட்டாது. மீட்டரைத் தொட்டவர் எவருக்கும் முதல் வாரத்திலேயே இது தெரியும். பத்து வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.