அது கை இல்லை, டாக்டர்

இடது அக்குளில் முதலில் வந்தது ஒரு தடிப்புத்தான். இரண்டு வயதில் போலியோ வந்து எனக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. அதிலிருந்து இரண்டு அக்குளிலும் கட்டை கொடுத்துத்தான் நடந்தேன். கட்டை உரசி அங்கே காய்த்துப்போவது எனக்குப் புதிதில்லை. பழியைக் கட்டையின் மேல் போட்டு, அதன் தலையில் பழைய துணியைச் சுற்றி, தேங்காய் எண்ணெய் தடவி எட்டு மாதம் ஓட்டினேன்.

நீங்களும் கட்டை ஊன்றுகிறவர் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு அக்குளைத் தடவிப் பாருங்கள். எதுவானாலும் கட்டைதான் காரணம் என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள்.

அந்த எட்டு மாதத்துக்கு நடுவில் எங்கள் ஊர் பூதலூருக்கு மார்பகப் பரிசோதனை வண்டி வந்தது. என் அண்ணன் மனைவி பிடிவாதமாக அழைத்துப் போனார். வண்டியில் ஏற நான்கு இரும்புப் படிகள், ஓர் ஆள் நுழையும் அகலம்.

"ரெண்டு ஆம்பளைங்கள கூப்புடுறேன்க்கா, அப்படியே தூக்கி உள்ள விட்டுடுவாங்க" என்றார் நர்ஸ்.

வரிசையில் நின்ற ஒரு பெண் எனக்கு ஆறுதல் சொன்னார். "விடுங்க, பிள்ளைக்குப் பாலே குடுக்காத மாருல என்ன வந்துரப் போவுது?"

மார்பைக் காட்டப் போகும் இடத்துக்கு ஊர் ஆண்கள் என்னை மூட்டை மாதிரி தூக்கிப் போவதா? "எனக்கு ஒண்ணும் இல்ல, வாங்க அண்ணி" என்று திரும்பிவிட்டேன். பிள்ளை பெறாதவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று அந்தப் பெண்ணின் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது.

மார்பிலேயே கட்டி தட்டுப்பட்ட பிறகு தஞ்சாவூருக்குப் போனோம். மேமோகிராம் (மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுக்கச் சொன்னார்கள்.

"கட்டைய வச்சிட்டு அஞ்சு நிமிஷம் நில்லுங்கம்மா, போதும்" என்றார் எக்ஸ்ரே எடுக்கும் பெண்.

"அஞ்சு நிமிஷம் நிக்க முடிஞ்சா கட்டை எதுக்கும்மா?"

அவர் அண்ணியிடம் திரும்பி, "கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க அவங்ககிட்ட" என்றார். எனக்குக் கால்தான் சரியில்லை, காது நன்றாகவே கேட்கும். அண்ணி என் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினார். தட்டு இறங்குவதற்குள் இருவரும் சேர்ந்து விழுந்தோம். சீட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு ஒவ்வொரு இடமாகப் போன் செய்தேன். "உக்காந்துகிட்டே எடுப்பீங்களா?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "வந்து பாருங்க" என்பதே பதில். வந்து பார்க்க எனக்கு ஒரு காரும் தூக்க ஓர் ஆளும் வேண்டும். திருச்சியில் ஓர் இடம் கிடைக்க ஏழு வாரம் ஆனது. அங்கே இயந்திரத்தை என் உயரத்துக்கு இறக்கினார்கள். பத்து நிமிட வேலை. வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

பயாப்ஸியில் (ஊசியால் சதைத் துணுக்கை எடுத்துப் பார்ப்பது) புற்றுநோய் உறுதியானது. அக்குளின் நிணநீர் முடிச்சுகளுக்கும் (கிருமிகளை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) பரவியிருந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்குக் காலை விட்டுவிட்டு அக்குளில் பட்டது. மார்பையும் முடிச்சுகளையும் எடுத்தார்கள்.

"இனிமே இந்தக் கையில பாரம் ஏத்தக் கூடாதும்மா. வீங்கிடும்" என்றார் அறுவை மருத்துவர்.

"அது கை இல்ல, டாக்டர். என் காலு."

பேனாவை மூடி வைத்தார். "முன்னாடியே வந்திருந்தா இத்தனை முடிச்ச எடுக்க வேண்டியிருந்திருக்காது" என்றார். நல்ல மனிதர்தான். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வண்டியில் தூக்கி ஏற்ற ஆண்களைக் கூப்பிட்டால் ஏறிவிடுங்கள். திட்டுவதை உள்ளே போன பிறகு திட்டிக்கொள்ளலாம்.

நோய் இப்போது இல்லை என்கிறார்கள். குணமானவள் என்ற பட்டியலில் இருக்கிறேன். இடது கை தூண் போல வீங்கியிருக்கிறது. கட்டைகள் பரணில் கிடக்கின்றன. சக்கர நாற்காலி கழிப்பறைக் கதவுக்குள் நுழையாது. ஒருவர் தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். ஒரு நாள் என்பது எனக்கு இப்போது அண்ணி வீட்டில் இருக்கும் நேரமும் இல்லாத நேரமும்தான்.

நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அண்ணி நடவுக்குப் போயிருக்கிறார், ஒரு மணிக்கு வருவார். இப்போது பத்தரை. சொம்பைக் கைக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வைத்திருக்கிறேன்.