போஸ்டரில் இருந்த பனிமலை

சௌந்தரபாண்டி அண்ணன் இறந்துபோனதை எனக்கு யாரும் போன் போட்டுச் சொல்லவில்லை. சிலமலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு பஸ்சில் திரும்பி வந்து இறங்கினேன். போடி பஸ் ஸ்டாண்டுச் சுவரில், பசை காயாத கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தடித்த நீலக் கோட்டு, நெற்றிக்கு ஏற்றிவிட்ட அகலமான கண்ணாடி, பின்னால் வெள்ளை வெளேரென்று ஒரு மலை. அழுகை முட்டிய அதே நேரத்தில் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. நம் ஊர் ஸ்டுடியோக்காரர்கள் செத்தவரைத் தாஜ்மகால் முன்னால் நிறுத்துவார்கள், மேகத்தின் மேலும் உட்கார வைப்பார்கள். அண்ணனின் தொழில் தெரிந்த யாரோ அவரைப் பனிமலையில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

அவரோடு பழகியவர்களுக்கு அந்தத் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஏலக்காய் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்தைப் பார்த்தவர்கள். அவரிடம் பாண்டிச்சேரியில் படித்த பிரெஞ்சு இருந்தது, என்னிடம் மதுரையில் படித்த ஆங்கிலம். கம்பெனி எங்கள் மேசையைக் காலி செய்த பிறகு, பிரான்சில் பனிச்சறுக்கு மலைகளுக்கு அறிவிப்புப் பலகையும் கையேடும் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் வேலை எங்களுக்கு இணையம் வழியாக வந்தது. பிரெஞ்சில் இருப்பதை ஆங்கிலமாக்க வேண்டும். அங்கிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் அவர் பெயருக்குத்தான் வரும். அவர் படித்துத் தமிழில் விளக்குவார், நான் ஆங்கிலத்தில் எழுதுவேன். பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குப் போகும் ஒவ்வொரு சொல்லும் போடியில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போகும் என்று அவர் சொல்லிச் சிரிப்பார்.

விளக்குவதில் அவருக்கு இணை கிடையாது. பனியின் மேலே மெல்லிசாக ஒரு ஓடு கட்டி, ஆள் ஏறினால் உடைந்து உள்ளே இழுக்குமாம். அதற்குப் பிரெஞ்சில் இருந்த சொல்லை வைத்துக்கொண்டு நான் விழித்தேன். "பால் ஆறுனா மேல ஆடை கட்டுமுல்ல தாயி? தேவாரம் ஊருப் பக்கம் வெள்ளாமைக் காட்டுக்குள்ள எறங்குற ஆனை அந்த ஆடை மேல நடந்தா என்னாகும்? அம்புட்டுத்தான்" என்றார். நான் 'பிரேக்கபிள் கிரஸ்ட்' என்று எழுதினேன். அது சரிதான் என்று பிறகு அங்கிருந்து பதில் வந்தது.

எங்களுக்கென்று ஒரு விதி இருந்தது, அதுவும் அவர் போட்டதுதான். "கண்ணால பாக்காததைக் காலாலயாவது பாக்கணும்." சறுக்கும் முறை பற்றிய சொல் எது வந்தாலும் போடிமெட்டு மலைக்கு ஜீப்பில் ஏறிவிடுவோம். அவருடைய மச்சான் வேலை பார்த்த ஏலத்தோட்டத்தில், மழை பெய்து ஓய்ந்த சரிவில் இறங்கிப் பார்த்த பிறகுதான் சொல்லை அனுப்புவோம். புதிதாகச் சறுக்குபவர்கள் வேகத்தைக் குறைக்க இரண்டு காலின் முன்பக்கத்தையும் உள்ளே திருப்பிக் குதிகாலை அகட்டுவார்கள். பிரெஞ்சில் அதற்கு 'ஷாஸ் நெஜ்' என்று பெயர். நாங்கள் அப்படிக் காலை வைத்துக்கொண்டு சருகுக்குள் வழுக்கி வழுக்கி இறங்கியபோது, செடித் தூரில் உட்கார்ந்து காய் எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "என்னா சாரே, ரெண்டு பேருக்கும் ஒண்ணா வயித்த வலிக்குதா?" என்று கேட்டாள். அண்ணன் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நாட்களில் அதுவும் ஒன்று.

அன்றைக்கு இறங்கி வரும்போது ஜீப்பில் அவர் சொன்னார்: "பனியப் பாக்குறதா இருந்தா ரெண்டு பேரும் சேந்து பாப்போம் தாயி. இல்லைன்னா ரெண்டு பேரும் பாக்காமயே சாவோம்." நான் அதை வாக்காக எடுத்துக்கொண்டேன். அந்த ஆசை எனக்கு எவ்வளவு பெரியது என்று என் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. அவருக்குத் தெரியும். மாதத்துக்கு ஒருமுறையாவது கேட்டுவிடுவேன், "மிதிச்சா எப்படிண்ணே இருக்கும்?" என்று. "யாருக்குத் தெரியும் தாயி" என்பார்.

போஸ்டரைப் பார்த்த கையோடு அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணனைச் சுடுகாட்டுக்கு எடுத்து, கூட்டம் கலைந்த பிறகு, அவர் மனைவி பேச்சியம்மாள் மதினி பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன். "போட்டோவுல மலைய யாரு மதினி சேத்தது?"

"யாரு சேக்க? அவரு நெசமாவே போனதுதான. மருமகன் போன்ல இருந்து எடுத்துக் குடுத்தாரு. அந்த பிரான்சு கம்பெனிக்காரங்க, எழுதுற மலைய நேர்ல வந்து பாருங்கன்னு கூப்புட்டாங்கள்ல? ஒன்னையுந்தான கூப்புட்டாங்க. வீட்டுல விடமாட்டாங்கன்னு நீதான் வரலைன்னுட்டியாம்ல?"

நான் கேட்டேன்: "எப்ப மதினி?"

"மதுரைக்குக் கண் ஆபரேசனுக்குப் போறேன்னு ஊருல சொல்லிட்டுப் போனாருல்ல, அப்பத்தான். கண்ணு பட்டுரும், வெளிய சொல்லாதன்னாரு. ஒனக்குத் தெரியும்னுல்ல நான் இருந்தேன்."

அந்த ஆபரேஷன் நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. அவருக்குப் பார்வை போய்விடுமோ என்ற பயத்தில் பரமசிவன் கோயில் மலைக்கு ஏறி வேண்டிக்கொண்டேன். அதற்குள் எனக்கும் ஓரளவு பிரெஞ்சு பிடிபட்டிருந்ததால், அவர் பங்கு வேலையையும் அகராதியைப் புரட்டிப் புரட்டி நானே முடித்தேன். அதில் ஒரு பக்கம் வெயிலைப் பற்றியது. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் முகத்தைக் கருக்கிவிடும், மூக்குத் தோல் உரியும், கண்ணாடி மறைத்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும், சறுக்கிவிட்டு வந்தவர்களை அதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம் என்று இருந்தது. அதை என் கையால் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். அந்த வாரமே அண்ணன் 'மதுரையிலிருந்து' வந்தார். முகம் கருத்து, மூக்குத் தோல் உரிந்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெளுத்துப்போயிருந்தது. "கட்டுப் போட்ட எடம் தாயி. மருந்து ஒத்துக்கல" என்றார். நான் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் அவர். நான் அந்தச் சோற்றை நன்றாகப் பிசைந்து சாப்பிட்டேன்.

அதன் பிறகு அவர் சரிவுக்கு வரவில்லை. முழங்கால் வலி என்றார். ஆனால் சொற்கள் மட்டும் அவரிடமிருந்து இன்னும் துல்லியமாக வந்தன. இறுகிப்போன பனியில் சறுக்கினால் தகரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் வரும் என்றார் ஒருநாள். "எப்படிண்ணே தெரியும்?" என்றேன். "எல்லாம் ஒரு கற்பனைதான்" என்றார். அண்ணனின் கற்பனையைப் பற்றி நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்! இதைப் படிக்கிற உங்களில் சிலரிடமே சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. "நான் எப்ப விடமாட்டேன்னேன்? எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார். அப்போதுதான் நான் வாய்விட்டு அழுதேன். இவ்வளவு நேரம் அடக்கியதும் சேர்ந்து வந்தது.

இறந்தவரைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். நான் எழுதியிருப்பதில் நல்லதும் உண்டு, ஒன்றும் பொய்யில்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண்ணோடு வெளிநாடு போனால் ஊர் என்ன பேசுமோ என்று பயந்திருக்கலாம். பயந்திருந்தால் என்னிடம் சொல்லியிருக்கலாம், நான் புரிந்துகொள்ளாதவள் இல்லை. தனியாகப் போனதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து மாதாமாதம் கேட்டவளிடம், பனியை மிதித்த கால் மிதிக்காத கால் மாதிரி நடித்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அந்தப் பிரான்சு நிறுவனத்திலிருந்து இரங்கல் தெரிவித்து எனக்கு எழுதியிருந்த பெண், அன்று என்னால் வர முடியாமல் போனதற்கு வருத்தப்பட்டு, இந்தக் குளிர்காலத்திலாவது வர முடியுமா என்று கேட்டிருந்தார். வருகிறேன் என்று நானே பதில் எழுதினேன். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாகிவிட்டது. நேற்று ஒரு புதுச் சொல் வந்தபோது ஜீப் ஏறி, தனியாகச் சரிவில் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த விதியை மட்டும்தான். அவரே மீறினாலும் அது நல்ல விதி.

பனியை மிதித்துவிட்டு வந்து, எப்படி இருந்தது என்று கேட்கிறவர்கள் எல்லோருக்கும் சொல்வேன். மதினிக்கு முதலில் சொல்வேன், தோட்டத்துப் பெண்களுக்கும் சொல்வேன். அண்ணனிடம் சொல்ல முடியாதே என்று ஒரு கணம் வருத்தப்பட்டேன். பிறகுதான் நினைவு வந்தது, அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே.