தண்ணீர் பாட்டிலில் வந்த தின்னர்

லாரியிலிருந்து தெறித்த ஜல்லியால் என் ஸ்கூட்டரில் மூன்று இடத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. வீட்டிலேயே டச்சப் செய்கிறேன் என்று கணவர், அம்பத்தூர் கடையில் பெயிண்டில் கலக்கும் தின்னரைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வாங்கி வந்தார். இரண்டு இடத்தை முடித்தவர், டீ குடிக்க உள்ளே வந்து அந்தப் பாட்டிலைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

விளையாடிவிட்டு வந்த ஏழு வயது மகள் அதைத் திறந்து வாயருகே கொண்டுபோனாள். நல்லவேளை, நாற்றம் தாங்காமல், "அம்மா, தண்ணி கெட்டுப்போச்சு" என்று கத்தினாள்.

இவரோ டீயைக்கூடக் கீழே வைக்காமல், "இன்னா இப்போ? குடிக்கலல்ல?" என்றார்.

"குடிச்சிருந்தா அவளுக்கும் வீட்லயே டச்சப் பண்ணியிருப்பீங்களா?"

இப்போதெல்லாம் காலி பாட்டிலைக் கத்தியால் கிழித்துத்தான் குப்பையில் போடுகிறேன். ஸ்கூட்டரின் மூன்றாவது இடம் அப்படியே இருக்கிறது. அவரைத் தொட விடவில்லை.