அம்மாவுக்கு நான் சொன்ன வசனம்

ரங்கூனே கொரிய நாடகப் பைத்தியம் பிடித்து அலைந்த காலம் அது. டி.வி. திரையின் அடியில் ஓடும் பர்மிய எழுத்தை அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதே தின்கன்ஜூன் பேட்டையில், அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் நான் வாழ்க்கைப்பட்டிருந்தேன். சாயங்காலமானால் ஓடி வந்து, படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். கதாநாயகி மாமனாரை எதிர்த்துப் பேசினால், "அப்படிப் போடு!" என்று அம்மா தொடையில் தட்டுவாள். நானே பேசியதுபோல் எனக்கு நெஞ்சு நிமிரும்.

அன்று உதடு கிழிந்து, துணிப்பையோடு வந்தேன். நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.

"இனிமே அந்தாளோட வாழமாட்டேம்மா."

அம்மா என் உதட்டை ஒரு நொடி பார்த்தாள். "ஆம்பளைன்னா கை நீட்டத்தான் செய்வான். நாடகம் முடியட்டும், அண்ணன் உன்னைக் கொண்டுபோய் விடுவான். இப்ப அவ என்ன சொல்றா, அதைச் சொல்லு."

திரையில் கதாநாயகி புருஷன் வீட்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வரமாட்டேன்னு சொல்றாம்மா" என்றேன்.

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பொம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்றாள்.

அதற்குள் அண்ணன் என் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான்.

அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டாவது எனக்காக இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.