மொட்டை மாடிக்கு மண் ஏற்றிய கதை

மொட்டை மாடியில் தோட்டம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் செடிகூடச் சொன்ன பேச்சைக் கேட்கும், வீட்டுக்காரர்தான் கேட்கமாட்டார். இதே பிழைப்பில் தலையைக் கொடுத்த உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்? தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெருங்களத்தூரில் ஒரே வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மூட்டை ஏறிய நாள்

மாடிப் போர்ஷனில் குடியிருந்தவர் சரோஜா டீச்சர். பகலெல்லாம் காய்ந்த தளம் ராத்திரி முழுக்க அனலை உள்ளே இறக்கும். கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, தூக்கமே கிடையாது. "இந்தக் கோடையும் இப்படின்னா வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான். ஸ்கூல் பக்கத்துல வேற வீடு இல்லை. ஏதாவது பண்ணுங்க சார்" என்றார்.

தென்னைநாரும் மக்கிய எருவும் கலந்து மண்ணை லேசாக்கினேன். கீழ் வீட்டில் இருந்த ஓனர் கன்னியப்பன், ஊரின் பழைய விவசாயக் குடும்பம். ஒழுகினால் நானே பூசித் தருகிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் வழிவிட்டார். அப்போதும் புலம்பல் நிற்கவில்லை: "நெலத்த வித்து வூடு கட்னா, வூட்டு மேல நெலத்த ஏத்துறியேப்பா, இன்னா அநியாயம் இது?"

ஒழுகாத ஒழுகல்

அவரைக்கொடிப் பந்தல் மாடியை மூடிய பிறகு, ஒரு மத்தியானம் ஓனர் அவசரமாக ஆள் அனுப்பினார். ஓடினேன். டீச்சர் வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தடவிக்கொண்டிருந்தார் கன்னியப்பன். "ஜில்லுனு கீது பாரு, தண்ணி எறங்கிட்ச்சு! எல்லாத்தையும் பிடுங்கு!"

டீச்சர் முகம் வெளிறிவிட்டது. அந்த வாரம்தான் குழந்தை பகலில் தூங்க ஆரம்பித்திருந்தது. பழைய பேப்பரை வாங்கி சீலிங்கில் அழுத்தித் தேய்த்து கன்னியப்பன் கையில் கொடுத்தேன். மொறமொறவென்று இருந்தது. "ஈரம் இல்லீங்க, வெயில் உள்ளே இறங்கலை, அவ்வளவுதான்" என்றேன். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கீழ என் வூட்லயே இப்டி இல்லியே!"

சாமான் இறங்கிய நாள்

அடுத்த மாதம் செடி பார்க்கப் போனால் வாசலில் டெம்போ. டீச்சர் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். கன்னியப்பனிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பையனுக்குக் கல்யாணம்பா. இம்மாம் குளுகுளுன்னு கீற வூட்ட வேற ஆளுக்கா வுடுவாங்க?"

டீச்சருக்கு வண்டலூரில் வீடு கிடைத்திருந்தது, அதுவும் மாடிதான். அங்கேயும் தோட்டம் போட்டுத் தருகிறேன் என்றேன். குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு டீச்சர் சொன்னார்: "வேணாம் சார். வீடு சுட்டாத்தான் நம்மள இருக்க விடுவாங்க."

மாடித் தோட்டம் வீட்டைக் குளிர வைக்கும் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன், யாருக்காக என்று மட்டும் கேட்காதீர்கள்.