நாற்பத்து மூன்று பேரின் ஆய்வு

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய அடுக்குமாடியின் நான்காம் மாடியில் குணேஸ்வரி பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தார். வேலை பார்த்த தனியார் கல்லூரி மூடப்பட்ட பிறகு, எட்டு வருடமாக அதுதான் பிழைப்பு. பாடத்துக்கு வருகிறவர்கள் பாடத்தோடு நிற்பதில்லை. காதல் முறிவு, அப்பாவின் குடி, பரீட்சை பயம் எல்லாம் அந்தச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடும். அவரும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பார்.

மலர்விழி கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவாள். இரண்டாம் ஆண்டில் இரண்டு பாடங்களில் தேறாமல் போனதும், வீட்டில் சொல்லப் பயந்து, மூன்று வாரம் வகுப்புக்குப் போகாமல் ரயிலிலேயே போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். குணேஸ்வரிதான் அவளைப் பல்கலைக்கழக ஆலோசகரிடம் கையோடு அழைத்துப்போனார். கதவுக்கு வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பிறகு கிள்ளானுக்கே போய் அவள் அம்மாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

இறுதியாண்டு ஆய்வுக்கு நூற்றிருபது பேரிடம் கருத்துக் கேட்க வேண்டியிருந்தது. மலர்விழிக்குக் கிடைத்தது நாற்பத்து மூன்று பேர்தான்.

"நாப்பத்து மூணோடயே எழுது. ஆள் பத்தலன்னு ஒத்துக்க. மார்க் கொஞ்சம் குறையும், பரவால்ல," என்று குணேஸ்வரி வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "ஓகே மிஸ்" என்று பதில் வந்தது.

ஏப்ரலில் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆய்வில் எழுபத்தேழு பேரின் பதில்கள் போலி. வெளியே டியூஷன் எடுக்கும் ஆசிரியை சொல்லித்தான் நிரப்பினேன் என்று மாணவி எழுதிக் கொடுத்திருக்கிறாள். நேரில் வந்து விளக்கம் தர முடியுமா?

குணேஸ்வரி அதை மூன்று முறை படித்தார். மலர்விழி போனை எடுக்கவில்லை. அவள் அம்மா எடுத்தார்.

"எல்லாம் சொல்லிட்டா டீச்சர். நீங்க இப்படிச் செய்வீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

மேற்கொண்டு பேசுவதற்குள் வைத்துவிட்டார்.

விசாரணை அறையில் மூன்று அதிகாரிகள். எதிரே மலர்விழி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். குணேஸ்வரி அந்த இரண்டு வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். ஓர் அதிகாரி போனையே கேட்டார். அதில்தான் அந்த மூன்று வாரத்துச் செய்திகளும் இருந்தன, உயிரோடிருக்கவே பிடிக்கவில்லை என்று அவள் எழுதியவை உட்பட.

"மத்ததெல்லாம் அந்தப் பொண்ணோட சொந்த விஷயம். காட்ட மாட்டேன்," என்றார் குணேஸ்வரி. இன்னமும் அவளுக்காகப் பார்க்கிறோமே என்று தன்மீதே எரிச்சல் வந்தது.

வெளியே வந்ததும் வராந்தாவில் அவளை நிறுத்தினார்.

"ஏன் மலர்?"

"நீங்க ஸ்டூடண்ட் இல்லையே மிஸ். உங்கள அவங்க என்ன செய்ய முடியும்? எனக்கு டிகிரியே போயிடும் லா."

குரலில் கோபமில்லை, பயமுமில்லை. நன்றாக யோசித்து வைத்திருந்த பதில். குணேஸ்வரிக்கு அதுதான் தாங்கவில்லை.

மலர்விழியை ஆறு மாதம் இடைநீக்கம் செய்தார்கள். குணேஸ்வரிக்கு, 'தங்கள் மீது மேல் நடவடிக்கை இல்லை' என்று ஒரு வரி வந்தது. அவர் தவறு செய்யவில்லை என்று அதில் எங்கும் இல்லை. ஒன்பது மாணவர்களில் ஐந்து பேர் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டார்கள்.

ஜூனில் பூச்சோங்கிலிருந்து யாரோ ஒருவன் அழைத்தான். "மிஸ், நீங்க சர்வே பதிலெல்லாம் நிரப்பிக் கொடுப்பீங்களாமே? பயப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

குணேஸ்வரி போனை வைத்தார்.

மறுநாள் விஷ்ணுப்ரியா பாதிக் கணக்கில் நிறுத்தினாள். மிச்சமிருந்த நால்வரில் ஒருத்தி.

"மிஸ், வீட்டுல ஒரு பிரச்சினை..." அவள் கண் கலங்கியிருந்தது.

"நாலாவது கேள்விய முடிம்மா முதல்ல," என்றார் குணேஸ்வரி.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். முடித்த பிறகும் எதுவும் சொல்லவில்லை. குணேஸ்வரியும் கேட்கவில்லை.